விலை ஏறிய ரோடு: மன்னார்புரம் குறிப்புகள்

திருச்சி ஜங்ஷன் மேம்பாலத்துக்குச் சென்னைப் பக்கம் போகிற கை ஒன்று உண்டு. 2014ல் தொடங்கிய வேலை. மற்ற கைகளில் வண்டிகள் ஏறி இறங்கி, பாலத்துச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிய பிறகும், இந்தக் கை மட்டும் மன்னார்புரத்தைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்றது. காரணம், ராணுவத்துக்குச் சொந்தமான சுமார் 0.66 ஏக்கர் நிலம். ஆட்சிகள் மாறின, டெல்லிக்கு மனுக்கள் போயின, தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் அதைக் காட்டி வாக்குறுதி கொடுத்தார்கள். 2023ல்தான் அதில் வண்டி ஓடியது.

முக்கால் ஏக்கர்கூட இல்லாத நிலத்துக்காக ஒரு மாநில அரசு இத்தனை வருஷம் காத்திருந்ததை நான் குறை சொல்லமாட்டேன். நிலம் யாருடையது என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது, அதனால் காத்திருந்தார்கள். அதே ரோட்டோரத்தில் தள்ளுவண்டி போட்டவர்களிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அவர்களை நகர்த்த ஒரு காலைப்பொழுது போதும்.

*

வெளியூர்க்காரர்களுக்கு மன்னார்புரம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒரு ரவுண்டானா. உள்ளூர்க்காரர்களுக்கு ஈ.பி. ஆபீஸ், வரி ஆபீஸ், கையில் ஃபைலோடு நிற்கிற கூட்டம். ஒரு பக்கம் டி.வி.எஸ். டோல்கேட், ஒரு பக்கம் காஜாமலை, ஒரு பக்கம் பொன்மலை, இன்னொரு பக்கம் மதுரை ரோடு. அழகான இடம் என்று யாரும் சொன்னதில்லை. லாரிப் புகை, ஹாரன் சத்தம், மழை பெய்தால் ஓரத்தில் தேங்கும் தண்ணீர். பஞ்சர் கடையும் டிங்கர் பட்டறையும் டீக்கடையும் இப்படிப்பட்ட ரோட்டில்தான் பிழைக்கும். வாடகை குறைவாக இருந்ததற்கும் அந்தப் புகைதான் காரணம்.

பாலம் முடிந்த கையோடு வாடகைப் பேச்சு மாறியது என்கிறார் எனக்குத் தெரிந்த மனை புரோக்கர் ஒருவர். "பாலம் தொங்கிக்கிட்டு இருந்தப்ப, 'அது முடியட்டும் பாப்போம்'னு ஓனருங்க கையக் கட்டிக்கிட்டு இருந்தாங்கண்ணே. முடிஞ்ச மறு மாசமே 'கடையக் காலி பண்ணச் சொல்லு, மொத்தமா இடிச்சிக் கட்டப் போறேன்'னு போன் வருது." மூன்று சதவீதமா, ரெண்டு சதவீதமா என்று கமிஷன் பேசுகிற வாயால் சொன்னதுதான். ஆனாலும் ரோட்டைப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை.

*

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போட்டுவந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதாமல் மன்னார்புரத்தைப் பற்றி எழுத முடியாது. பல வருஷப் பழக்கம் அது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் மன்னார்புரத்துக்கு வரவேண்டியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு சோனா மீனா தியேட்டர் பக்கம். முதல் நாள் வெறும் பொட்டல். மறுநாள் சவுக்குக் கட்டை நட்டு, கயிறு கட்டி, மேலே தகரம் அல்லது துணி. ஒரு மேஜையில் மைக், அதில் ஒரு போலீஸ்காரர்: "மஞ்சப் பையக் கீழ வச்சிட்டுப் போன அம்மா, உடனே மேடைக்கு வரவும்." பக்கத்தில் தண்ணீர் டேங்க்.

அந்த நாலைந்து நாளில் அங்கே ஒரு முழுச் சந்தை முளைக்கும். வேர்க்கடலை, அவித்த சோளம், குழந்தைக்குக் குரங்குத் தொப்பி, செல்போனுக்கு சார்ஜர், பாட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்கூட வாடகைக்குக் கிடைத்தது ஒரு தடவை. யாரும் யாருக்கும் இடம் ஒதுக்கித் தரவில்லை. ஆனாலும் சோளக்காரர் பக்கத்தில் இன்னொரு சோளக்காரர் நிற்கமாட்டார். கூட்டம் எந்த வாசலில் இறங்கும், எந்த ஊர் பஸ்ஸுக்கு ஜனங்கள் அதிக நேரம் காத்திருப்பார்கள், எந்த ஊர்க்காரர்கள் காசைச் செலவழிப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நகரத் திட்டமிடலில் பட்டம் வாங்கியவர்கள் அங்கே ஒரு ராத்திரி நின்றிருக்கலாம்.

*

பிறகு பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் வந்தது. 2025 மே 9ல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், ஜூலை 16லிருந்து பஸ்கள் ஓடத் தொடங்கின. 40 ஏக்கர், 400 கோடிக்கு மேல் செலவு. குளுகுளு அறையும் நகரும் படிக்கட்டும் உண்டு. பழைய மத்திய பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், புதியதைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. வெளியூர் பஸ்கள் ஊருக்குள் நுழைந்து திணறியதும் உண்மைதான்.

பஞ்சப்பூர் மதுரை ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டுக்கு மன்னார்புரம்தான் வாசல். பஸ் ஸ்டாண்ட் தெற்கே போனதும் ஊரின் விலைவாசி வரைபடமும் தெற்கே சாய்ந்தது. பக்கத்திலேயே லாரி முனையம், டைடல் பார்க் என்று வரிசையாகப் பேச்சு. எடமலைப்பட்டிப் புதூரிலும் கருமண்டபத்திலும், கோரையாறு பெருகினால் முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருக்களில்கூட, "விற்பனைக்கு அல்ல" என்று காம்பவுண்டுச் சுவரில் எழுதிப் போடுகிறார்கள். அப்படி எழுத வேண்டிய அளவுக்குக் கேட்டு வருகிறவர்கள் அதிகம்.

அரசாங்கம் பாலம் கட்டுகிறது, பஸ் ஸ்டாண்ட் கட்டுகிறது, விமான நிலையத்துக்குப் புது முனையம் வருகிறது (2024 ஜனவரியில் பிரதமர் திறந்தார், ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது). எல்லாம் பொதுப் பணம். அதனால் ஏறுகிற விலை மட்டும் தனியார் பத்திரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏறிய விலையில் ஒரு பங்கைக்கூட அந்த ரோட்டை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தவர்களிடம் யாரும் நீட்டுவதில்லை.

*

அடுக்குமாடி விளம்பரங்களைச் சேகரித்துவைப்பது என் பழக்கம். திருச்சி விளம்பரங்களில் ஒரு தனிக் குணம் உண்டு. சென்னையில் கடல் காற்று, கோயம்புத்தூரில் மலைக் காட்சி. இங்கே: "காவிரித் தண்ணீர்". பிறகுதான் லிஃப்ட், ஜெனரேட்டர், சிசிடிவி, வாஸ்து. வீடு பார்க்க வருகிற மாமியின் முதல் கேள்வியும் அதுதான். "கார்ப்பரேஷன் தண்ணியா, போர் தண்ணியா? போர்னா எத்தன அடி?" அதற்குப் பதில் சரியாக வராவிட்டால் அந்த அம்மாள் கிச்சனைக்கூடப் பார்க்கமாட்டார். நியாயமான கேள்வி.

விளம்பரத்தில் வராத ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். "முன்பு இங்கே இருந்தது" என்ற வரி. பன்னிரண்டு குடும்பம் இருந்த லைன் வீடு, பொதுக் குழாய், நடுவில் ஒரு முருங்கை மரம், வாசலில் இஸ்திரி வண்டி. ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அது சொர்க்கம் ஒன்றும் இல்லை. காலையில் கக்கூஸுக்கு வாளியோடு வரிசையில் நிற்பது கொடுமை. ஆனால் அங்கிருந்து சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கும் நடந்தே போனார்கள். இப்போது அதே வேலைக்கு இரண்டு பஸ்.

*

ஏன் எல்லா அடுக்குமாடிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன?

2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்த்தால் புரியும். 18.30 மீட்டர் வரைக்கும் அது சாதாரணக் கட்டடம். அதற்கு மேலே ஒரு செங்கல் வைத்தாலும் உயர்மாடிக் கட்டடம். ரோட்டு அகலம், பக்க இடைவெளி, தீயணைப்பு எல்லாவற்றுக்கும் வேறு விதி. அதனால் கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்திடமும் ஒரு தடையில்லாச் சான்று தேவைப்படும்.

அதே விதிகள்தான் தளப்பரப்புக் குறியீட்டை 1.5லிருந்து 2 ஆக்கின. கேட்பதற்குச் சின்ன எண். கணக்கில் போட்டுப் பாருங்கள். 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம். இப்போது 4,800. மனை ஒரு அங்குலம் வளரவில்லை, 1,200 சதுர அடி கூடுதலாக முளைத்துவிட்டது. அதாவது ஒரு ஃப்ளாட். ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டிருந்தவருக்கு, அன்றைக்கு ராத்திரி தூங்கி எழுந்தபோது அந்த வீடு நஷ்டமாகத் தெரிய ஆரம்பித்தது. கட்டுநர் காசு போடுவார், ஓனர் மனையைக் கொடுப்பார், வீடுகளைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் லாபம், குடியிருந்தவரைத் தவிர.

எட்டு வீடு மட்டும் உள்ள கட்டடங்கள் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு: 2016ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிய வேண்டியதில்லை. பதிந்தால், வாங்குகிறவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். வாங்குகிறவரைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம் அது. எட்டோடு நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

வாங்குகிறவருக்கு ரெரா, ஓனருக்குப் பத்திரம், கட்டுநருக்கு ஒப்பந்தம். வாடகைக்காரருக்கு?

1960ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஓனர்கள் திட்டாத நாள் இல்லை. அம்பது ரூபாய் வாடகையில் முப்பது வருஷம் உட்கார்ந்துகொண்டு கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அதில் ஒரு பிரிவு இருந்தது. இடித்துக் கட்டப்போகிறேன் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னால், ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவேன் என்று ஓனர் எழுதிக்கொடுக்க வேண்டும். சும்மா சொல்லி விரட்ட முடியாது.

2017ல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நியாய வாடகை என்று அரசு குறுக்கே வருகிற ஏற்பாடு போய்விட்டது, ஒப்பந்தத்தில் இருப்பதுதான் வாடகை. தாளில் பார்த்தால் சுத்தமான சட்டம். நடப்பில், லைன் வீட்டுக்கும் ஒட்டுக்கடைக்கும் யார் ஒப்பந்தம் போட்டார்கள்? அட்வான்ஸ் கொடுத்தார்கள், மாதாமாதம் கையில் வாடகை கொடுத்தார்கள், ஒரு பழைய டைரியில் ஓனர் டிக் அடித்தார். ஒப்பந்தம் இல்லை என்பதே இப்போது வெளியேற்றுவதற்கு ஒரு காரணம் ஆகிவிடுகிறது.

இருபது வருஷமாக ஒரே இடத்தில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம், காலி செய்யச் சொன்னபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துட்டாருங்க. நல்ல மனுசன். சாமானெல்லாம் எடுத்து வைக்க அவரே ஆளும் விட்டாரு." கோபமே இல்லாமல் சொன்னார். புதுக் கட்டடத்தில் கீழே கடை கேட்டுப் பார்க்கவில்லையா என்றதற்குச் சிரித்தார். கீழே இனிமேல் கார்தான் நிற்கும்.

*

காஜாமலைப் பக்கம் ஒரு பழைய கதை. ஜமால் முகமது கல்லூரி 1951ல் தொடங்கியபோது காஜாமியான் ராவுத்தர் சுமார் 100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். அந்த நிலத்தின் இன்றைய மதிப்பைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அந்தக் கல்லூரியால்தான் அந்தப் பக்கத்தில் மெஸ், ஜெராக்ஸ் கடை, பையன்களுக்கு அறை விடுகிற வீடுகள் எல்லாம் உண்டாயின. பையன்கள் படித்துவிட்டு சிங்கப்பூர், ஷார்ஜா, துபாய் என்று போனார்கள். திருச்சியிலிருந்து அங்கெல்லாம் நேரடியாக விமானம் உண்டு. போனவர்கள் அனுப்பிய பணம் திரும்பி வந்து அதே பகுதியில் மனை ஆனது. வெளிநாட்டுப் பணம்தான் விலையை ஏற்றிவிட்டது என்று எங்கள் ஊரில் ஒரு முணுமுணுப்பு உண்டு. பாலைவனத்தில் வெயிலில் நின்று சம்பாதித்தவன் ஊரில் ஒரு வீடு வாங்குவதைக் குற்றம் சொல்லமாட்டேன். வாங்கிப் பூட்டிப்போட்டு வருஷத்தில் ஒரு மாதம் வந்து தங்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம். இருட்டியதும் அந்த அடுக்குமாடிகளை ரோட்டிலிருந்து பாருங்கள், எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று.

*

மத்திய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ராக்கின்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு. ஒரு ஊரின் வயிறு அங்கேதான் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் பரோட்டாக் கல் சத்தம், லாட்ஜ் வாசலில் பெஞ்சில் தூங்குகிற வாட்ச்மேன், ஊருக்குப் போகிறவர்கள் வாங்குகிற பழம், அல்வா, பூ. வெளியூர் பஸ்களில் பெரும்பகுதி போய் டவுன் பஸ்தான் மிச்சம் என்றானதும், அந்த ராத்திரி வியாபாரம் சுருங்கிவிட்டது. டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர் லாட்ஜில் ரூம் போடமாட்டார்.

லாட்ஜ் முதலாளிக்கு இடம் சொந்தம். இடித்து வேறு கட்டுவார், வணிக வளாகமோ ஃப்ளாட்டோ. அவரைப் பற்றிக் கவலை இல்லை. ரூம் பாய், சலவைக்குத் துணி எடுப்பவர், வாசலில் பூ விற்ற அக்கா, இவர்கள் பஞ்சப்பூருக்குப் போகலாமே என்றால், அங்கே கடைகள் ஏலத்தில் போகின்றன. பூக்கூடையை வைத்துக்கொண்டு ஏலம் கேட்க முடியாது.

*

வியாபாரத்தை இடம் மாற்றினால் எல்லாமே மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. காந்தி மார்க்கெட்டைக் காலி செய்ய மணிகண்டம் பக்கம் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் ஆயிரம் கடைகளோடு வளாகம் கட்டி, 2017ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. கொரோனா சமயத்தில் மொத்த வியாபாரத்தை மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மழையிலும் சேற்றிலும் தக்காளி மூட்டையோடு மாதக்கணக்கில் கிடந்தார்களே தவிர, கள்ளிக்குடிக்கு மட்டும் போகமாட்டோம் என்றார்கள். கடைசியில் பழைய மார்க்கெட்டுக்கே திரும்பினார்கள்.

காந்தி மார்க்கெட் வியாபாரிக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருந்தது. மன்னார்புரம் இட்லி வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு இடத்திலும் நடந்ததற்கு உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

*

பொன்மலை ரயில்வே பட்டறை 1928ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. நாகப்பட்டினத்தில் கேட்டால் அது பறிபோன கதை, திருச்சியில் கேட்டால் ஊர் வளர்ந்த கதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அன்றைக்குப் பட்டறையை மட்டும் தூக்கி வரவில்லை. தொழிலாளிக்கு வரிசை வரிசையாகக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, சந்தைக்கு இடம் எல்லாம் போட்டது. தர்மம் ஒன்றும் இல்லை. காலையில் சங்கு ஊதினால் ஆள் உள்ளே இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். 1946ல் அதே தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடத்தி ஐந்து பேரைக் கொன்றதும் அன்றைய வெள்ளைக்கார ஆட்சிதான். ஆனால் வேலை செய்கிறவன் வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்ற சாதாரண அறிவு அந்தக் கம்பெனிக்கு இருந்தது. இன்றைக்கு ஃப்ளாட்டில் வேலை செய்ய வருகிற பெண்மணி எங்கே குடியிருப்பார் என்று எந்த வரைபடத்திலும் ஒரு கோடு கிடையாது.

*

ஸ்ரீரங்கம் வேறு மாதிரி. அங்கே விலையை ஏற்றியது பெருமாள். சென்னையிலும் பெங்களூரிலும் ரிட்டயர் ஆனவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள், கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு இரண்டு படுக்கையறை வீடு வேண்டும் என்று வந்தார்கள். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வாசலிலிருந்து கொல்லை வரை ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகிற வீடுகள் ஒவ்வொன்றாக ஃப்ளாட் ஆயின. 1987ல் முடிந்த ராஜகோபுரத்துக்கு 236 அடி. அதைச் சுற்றி அடுக்குமாடி எழும்புவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கோயில்களைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு மதுரையில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காகக் கண்ணீர் விட ஆள் நிறைய. பத்திரிகையில் எழுதுவார்கள், புகைப்படக் கண்காட்சி வைப்பார்கள். மன்னார்புரத்தில் இடிகிற ஓட்டு வீட்டுக்குக் கட்டடக்கலை மதிப்பு இல்லை, அதனால் புகைப்படமும் இல்லை. கட்டடத்துக்கு இருக்கிற பாரம்பரியம் பிழைப்புக்கும் உண்டு என்று யாராவது சொல்ல வேண்டும்.

*

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டனில் தொழிலாளிகள் குடியிருந்த தெருக்களை நடுத்தர வர்க்கம் வாங்கிப் புதுப்பித்ததைப் பற்றி சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964ல் எழுதினார். அங்கே பழைய வீடாவது நின்றது. இங்கே வீடே போய்விடுகிறது.

பம்பாய் ஆலைகள் கதை இன்னும் கசப்பு. 1982ல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991ல் ஒரு விதி போட்டார்கள்: ஆலை நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு மட்டும் முதலாளிக்கு. நினைத்துப் பாருங்கள், எவ்வளவு நியாயமான கணக்கு! 2001ல் ஒரு திருத்தம் போட்டு, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்றார்கள். 2006ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சென்னை பெரம்பூரில் 1996ல் மூடிய பின்னி ஆலை இருந்த இடத்திலும் இப்போது அடுக்குமாடிகள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ல் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான்.

*

எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்கடி போகிற சிங்கப்பூரிலும் ரோடெல்லாம் தள்ளுவண்டியாகத்தான் இருந்தது ஒரு காலத்தில். அந்த அரசாங்கம் முதலில் செய்தது கணக்கெடுப்பு. 1968, 69ல் சுமார் 18,000 தெரு வியாபாரிகளைப் பதிந்தார்கள், உரிமம் கொடுத்தார்கள். அதன் பிறகு 1971லிருந்து 1986 வரை நிதானமாக உணவங்காடிகளைக் கட்டி, அந்தப் பட்டியலில் இருந்தவர்களை உள்ளே கொண்டுபோனார்கள். தேக்கா உணவங்காடியில் இன்றைக்கு நம் ஆள் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, "என்னா சுத்தம், என்னா ஒழுங்கு" என்று மெச்சுகிறாரே, அதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பட்டியல். 2020ல் யுனெஸ்கோ அந்த அங்காடிப் பண்பாட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர் அரசு மென்மையான அரசு இல்லை. பிடிவாதமாகத்தான் மாற்றியது. ஆனால் யாரை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றியது.

நம் ஆட்கள் அங்கிருந்து கொண்டுவருவதெல்லாம் தைலமும் சாக்லேட்டும் ஃப்ளாட்டின் டிசைனும்தான்.

*

ஃப்ளாட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் பெருகுகிறது, நிலம் பெருகவில்லை, மேலேதான் போக வேண்டும். வயலை மனை போடுவதைவிட ஊருக்குள் மாடி கட்டுவது எவ்வளவோ மேல். என் வருத்தம் எல்லாம் ஒன்றுதான்: காகிதம் உள்ளவர்களின் கணக்கு மட்டும் சரியாகப் பார்க்கப்படுகிறது.

இத்தனைக்கும் கணக்கெடுக்கச் சட்டம் இருக்கிறது. 2014ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றினால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மேற்பார்க்க நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கேட்டால் கொடுக்கிற சலுகை இல்லை இது, சட்டம்.

திருச்சியில் ஃப்ளாட் வாங்கப்போகிறவர்களுக்கும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் பற்றிக் கேட்ட அதே வாயால், வார்டு கவுன்சிலரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: நம் ரோட்டில் வண்டி போடுகிறவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறார்களா, கையில் சான்றிதழ் இருக்கிறதா? எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள். காலை இட்லிக்கும் இஸ்திரிக்கும் நீங்கள் நம்பியிருப்பதும் அவர்களைத்தான்.